மன்னிக்கும் கார், மன்னிக்காத கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வீட்டிலேயே பிரித்து மாட்ட ஆசைப்படுபவர்களிடையே, பிரிட்டனில் அதிகம் அடிபடும் பெயர்களில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: எம்ஜிபி (1962–1980), போர்ஷே 944 (1982–1991), முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 (1989–1997). எது அழகு, எது வேகம் என்பது இங்கே பேச்சில்லை. கையில் கிரீஸோடு நிற்கும் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஒரு தப்பு செய்தால், எந்த வண்டி எவ்வளவு தண்டம் கேட்கும் என்பதே என் கணக்கு.

எம்ஜிபி கற்றுக்கொள்ள ஏற்றது. 1798 சிசி இன்ஜின், வால்வு திறந்து மூடும் நேரத்தைக் காக்கும் டைமிங் செயின், பெரும்பாலான வண்டிகளில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். வால்வு இடைவெளி, பற்றவைப்புப் பாயிண்டுகளின் இடைவெளி எல்லாம் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்தே பார்த்துவிடலாம். ஸ்பேனர் மட்டும் அங்குலக் கணக்கில் வேண்டும். 1967 வரை வந்தவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அது தெரியாமல் இந்தக் காலத்து ரேடியோவை மாட்டினால் புகைந்துவிடும். கிளட்ச் தேய்ந்தால்தான் வேலை பெரிது. இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும், வாடகைக்கு ஒரு கிரேன் தேவைப்படும். உதிரி பாகத்துக்குக் குறைவில்லை. 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

944 பழைய வண்டிச் சந்தையில் ஆசை காட்டும். பாடிக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, அதனால் மற்ற இரண்டைப் போல அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்து, ஓட்டவும் அருமையாக இருக்கும். அதே அமைப்புதான் வீட்டு மெக்கானிக்குக் கண்டம். கிளட்ச் முன்னால் இன்ஜினோடு இருக்கிறது. அதைத் தொட எக்ஸாஸ்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்து நடுவில் ஓடும் டார்க் டியூப் குழாயைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஜாக் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு வார இறுதி போதாது.

அதைவிட மோசம் பெல்ட். டைமிங்குக்கு ஒன்று, இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு இன்னொன்று. டைமிங் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். பெல்ட்டின் இறுக்கத்தை அளக்கத் தனிக் கருவியே இருக்கிறது. 'கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது' என்று இந்த வண்டியிடம் சொல்ல முடியாது. இதற்கு நடுவில், இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலேயின் சால்டரிங் விரிசல் விட்டு, வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகாது. விவரம் தெரிந்தவர்கள் டாஷ்போர்டு அறையில் ஒரு ஸ்பேர் ரிலே வைத்திருப்பார்கள்.

எம்எக்ஸ்-5 இதற்கு நேர் எதிர். இதிலும் டைமிங் பெல்ட்தான், ஆனால் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதாது. வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவே; புது பெல்ட் போட்டுக் கிளம்பலாம். ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் வால்வு இடைவெளி பார்க்கும் வேலையும் இல்லை. பெடல் மிதித்ததும் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது வழக்கம். இரண்டு போல்ட்டில் கழன்றுவிடும். மன்னிக்காத இடமும் ஒன்று உண்டு: 1.6 லிட்டரின் ஆரம்பகால வண்டிகளில் கிராங்க் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை, குட்டை. பெல்ட் மாற்றிவிட்டு முன் போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால் சாவிப்பள்ளம் தேய்ந்து கிராங்கே வீண். புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு.

ஆக, முதல் வண்டி என்றால் என் ஓட்டு எம்எக்ஸ்-5க்கு. கார்புரேட்டர் ஓசையில் மனசு போனால் எம்ஜிபி. 944 வேண்டும் என்று அடம்பிடிப்பவர், பெல்ட் மாற்றிய ரசீதைப் பார்க்காமல் சாவியைத் திருப்பக்கூட வேண்டாம். மஸ்டாவைப் பார்க்கப் போகிறவர், துணிக்கூரையின் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குனிந்து பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்கடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால் அது துரு; பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.