மாரி மழைக்குப் பறவைத் தீனிக்குழாய் சரிவருமா?

பறவைகள் துவாரத்தால் கொத்தித் தின்னத் தானியம் நிரப்பித் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் தீனிக்குழாய் ஒன்றை ஒன்லைனில் எடுத்து, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவு வேப்பமரத்தில் இந்த மாரி முழுக்கப் பாவித்தேன். உறுதியான சாமான், கழற்றிக் கழுவவும் லேசு. ஆனால் திருகோணமலையில் வெளியே தொங்கவிட இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

பனி கொட்டும் நாடுகளை நினைத்துச் செய்தது இது. எங்களுக்கோ ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை, சாரல் துவாரத்தால் உள்ளே போகிறது, அடியில் வடிகால் ஓட்டை இல்லை, தினையும் குரக்கனும் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. அதைத் தின்றால் பறவைகளுக்கு வருத்தம் வரும், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குழாயில் தொற்றிக்கொண்டு சாப்பிடுவது சில்லைகள் மட்டும்தான், அவை வந்தால் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். புலுனிக் கூட்டம் கீழே சிந்தினதைப் பொறுக்கும். கொண்டைக்குருவிக்குப் பழம் வேண்டும், பழுத்த பப்பாசித் துண்டு ஒன்றைக் கொப்பில் குத்திவிட்டால் உடனே வந்துவிடும். அப்புறம் இமயமலை அடிவாரப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிற ஆறுமணிக்குருவி, அது தானியத்தைத் திரும்பியும் பார்க்காது, சருகைக் கிளறிப் பூச்சி புழு தின்கிற பறவை, அதற்காக வேலிக்கரைச் சருகைக் கூட்டி எரிக்காமல் விடுங்கள்.

விறாந்தைக் கூரைக்குக் கீழே தொங்கவிட இடம் இருந்தால் வாங்கலாம், சூடாக்கிய ஆணியால் அடியில் ஓட்டை போட்டுவிட்டு, ஒரு நாளைக்குத் தேவையான தானியத்தை மட்டும் போடுங்கள். இல்லையென்றால் அதே கூரைக்குக் கீழே ஒரு சிரட்டை போதும்.