தண்ணியில்லாக் காட்டில் ஓர் இரவுக்கு 9,676 ரூபாய்

அரசு வேலையில் இருப்பவரை மிரட்ட வேண்டுமென்றால் "ராமநாதபுரத்துக்கு மாத்திடுவேன்" என்பார்கள். என் அப்பா அப்படி மாற்றலாகி வந்தவர். ரெண்டு வருஷத்தில் கிளம்பிவிடலாம் என்று ஒரு டிரங்குப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார், கடைசிவரை கிளம்பவில்லை. நான் இங்கேயே பிறந்து, இங்கேயே தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவள். அதே ஊர்ப்பக்கம், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில், போன வைகாசியில் காசு கொடுத்துத் தங்கிவிட்டு வந்தோம்.

எங்கள் 40-வது கல்யாண நாளுக்கு மகன் சென்னையிலிருந்து புக் பண்ணிவிட்டான். கீழக்கரையைத் தாண்டிக் கடலோரம், பழைய வியாபாரி வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். விளம்பரத்தில் 'பாரம்பரியப் பாலைவன சொகுசு விடுதி' என்று போட்டிருந்தது. பாலைவனமாம்! நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். அதைத் தேக்க வேண்டிய கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தால் மழை என்ன செய்யும்? ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேர்க்காரர் யாராவது இந்த விளம்பரத்தைப் பார்த்தால் சிரிப்பார்.

வாடகை 8,200. 7,500-ஐத் தாண்டிவிட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 9,676. "எழுநூறு ரூபாய் குறைச்சிருந்தா வரியும் குறைஞ்சிருக்குமே தம்பி" என்று மேனேஜரிடம் சொன்னேன். "முதலாளிகிட்ட சொல்றேன்மா" என்றார். சொல்லியிருக்க மாட்டார்.

மகன் எடுத்தது புதிதாகக் கட்டிய காட்டேஜ். விலை கூட என்பதால் நல்லது என்று நினைத்திருக்கிறான். கடலைப் பார்த்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. இருபது நிமிஷத்தில் உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நடை வழியாகத் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வந்து முற்றத்தில் இறங்கியது. "என்னங்க, இங்கேயே ஒரு ரூம் கேளுங்க" என்றேன். கேட்டார், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு முழு மார்க்.

எங்கள் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்தவர். சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் தாண்ட மாட்டார். ரெண்டு அடிக்கு மேல் கனம். காரை உதிர்ந்த ஒரு மூலையில் விரலை வைத்துக் காட்டினார்: கல் முழுக்கப் பூப்பூவாகக் குழிகள், தேனடை மாதிரி. பவளப்பாறை. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கிற மாதாகோயில் சுவரிலும் இதே கல்தான். அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டி எடுத்துக் கட்டினார்கள். இப்போது ஒரு துண்டு எடுத்தாலும் வனத்துறை கேஸ் போடும், போடவும் வேண்டும். சுவர் அடியில் உப்புப் பூத்து வெள்ளைப் பொடி கொட்டுகிறது. அதை மறைக்கச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும் என்று இவர் ராத்திரி சாப்பிடும்வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டின் வயசைப் பற்றி ஒரு கூத்து. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கூரை ஓடு வைத்திருக்கிறார்கள். மங்களூர் ஓடு, அதைச் செய்த பாசல் மிஷன் என்ற பாதிரிமார் கம்பெனியின் முத்திரை, கீழே 1865. "வீடு கட்டின வருஷம் சார்" என்றார் மேனேஜர். அது ஓட்டுக் கம்பெனி ஆரம்பித்த வருஷம் தம்பி, பின்னால் வந்த ஓட்டிலும் அதே முத்திரைதான் குத்தினார்கள் என்று இவர் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. வீடு பழசுதான், சந்தேகமில்லை. ஓடு சாட்சி சொல்லாது.

இனி தண்ணீர். குளிக்கப் போனால் சோப்பு நுரைக்கவே இல்லை, தலை சடை பிடித்துவிட்டது. முற்றத்துக் கிணறு ஒரு காலத்தில் நல்ல தண்ணீர்க் கிணறாம். தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் சொன்னார்: "மோட்டாரு போட்டாங்க, போச்சு தாயி." அவர் சொன்னது சரி. மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் கடல்தண்ணீரைவிட லேசு, அதனால் பாலாடை மாதிரி அதன்மேல் மிதந்து நிற்கும். பனையோலைப் பட்டையால் நிதானமாக மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டாரை வைத்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். நீச்சல் குளத்துக்கு டேங்கர் லாரி வருகிறது, குடிக்க இருபது லிட்டர் கேன். பெரியவர் காலையில் கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டிய ஊத்திலிருந்து எங்களுக்காக ஒரு செம்பு கொண்டுவந்தார். வடிகட்டின துணியில் மணல் ஒட்டியிருந்தது. தண்ணீர் அவ்வளவு ருசி. 9,676 ரூபாயில் அது சேர்த்தி இல்லை.

சாப்பாட்டுக்கு மெனு கார்டைத் திறக்காதீர்கள், பனீர் பட்டர் மசாலாதான். சமையல்கட்டில் இருக்கும் ராத்தாவிடம் நேரே கேளுங்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகவில்லை. வத்தை என்கிற சின்னப் படகில் வந்த மீனை, உருண்டையான முண்டு மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தார். குழம்பு சிவப்பு, காரம் பின்னால்தான் தெரிந்தது. மறுநாள் நெய்ச்சோறும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பமும். அல்வா மாதிரி இருக்கும் தொதல் மட்டும் கடையில் வாங்கியது, சுமார்.

படகில் 'தீவு உலா' என்று 2,000 ரூபாய்க்கு ஒரு அட்டை நீட்டினார்கள். வாங்கவில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். காசு கொடுத்துத் தூர நின்று பார்ப்பதை மொட்டைமாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

போகிறவர்கள் தை மாசத்தில் போங்கள். பழைய வீட்டில் முற்றத்தைப் பார்த்த ரூமைக் கேளுங்கள். வாடகையும் அதில் 6,000தான், 8,200 கட்டிவிட்டு உள்ளே போன எங்களுக்கு மிச்சத்தைத் திருப்பித் தரவில்லை. மகனிடம் இதைச் சொல்லவில்லை.