ரெமிங்டன் 1889: குதிரை வெளியே தெரியும் துப்பாக்கி, ஒரு சீசன் கழித்து

துப்பாக்கிக் குதிரை என்று நாமெல்லாம் சொல்கிறோம்; விசையை அழுத்தினால் தோட்டாவின் பின்பக்கம் போய் அடிக்கிற சுத்தியலைச் சொல்கிறேன். ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் குதிரை கண்ணில் படாது, உள்ளே ஒளிந்திருக்கும். தேனிப் பக்கம் என் தாத்தாவிடம் இருந்ததில் அது வெளியே இரண்டு கொம்பு மாதிரி நின்றது. பன்றி காட்டை அழிக்கிறது என்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார். அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆசைதான் சவுத் டகோட்டாவுக்குக் குடிவந்த பிறகு என்னை இதில் இழுத்துவிட்டது. இங்கே அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை ஃபெசன்ட் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) வேட்டை சீசன் தொடங்கினால் ஊரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு சோளக்காட்டில் நிற்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல்; பெட்டையைத் தொடக் கூடாது. புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நான் தாத்தாவுடையது மாதிரி குதிரை வெளியே நிற்கும் ரெமிங்டன் 1889 தேடி ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

முதலில் ஏமாந்த கதை. ஒரு ஏலத்தில் 200 டாலருக்கு ஒன்று எடுத்தேன். குழல் முழுக்க நெளிநெளியாக அழகான கோடுகள். டமாஸ்கஸ் என்றார்கள். வீட்டுக்கு வந்து துணியில் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடைத்தால் துணியில் பழுப்பு ஏறுகிறது, குழலில் கோடு குறைகிறது. சாதாரண இரும்பின் மேல் வரைந்த கோடு! அந்தக் காலத்திலேயே பெல்ஜியத்திலிருந்து மலிவாக வந்த துப்பாக்கிகளில் இப்படிப் போலிக் கோடு போடுவது வழக்கமாம். பெரிய கம்பெனிப் பேரைக் கொஞ்சம் மாற்றிப் பொறிப்பதும் உண்டு. அது இப்போது என் அலமாரிக்கு மேல் சும்மா கிடக்கிறது.

உண்மையான டமாஸ்கஸ் குழல் வேறு விஷயம். இரும்பையும் எஃகையும் பட்டையாக அடுக்கி, முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருள்சுருளாக வளைத்து, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். அந்த முறுக்குதான் மேலே கோடாகத் தெரிகிறது. (நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும், "இது நம்ம கொடுமணல் உருக்குடா" என்று சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். டமாஸ்கஸ் வாளுக்குப் போன உருக்கு நம் பக்கத்து வூட்ஸ், சரிதான். அது மூசையில் உருக்கி எடுத்த எஃகு. இது பட்டை ஒட்டிய வேலை. பேர்தான் ஒன்று.)

ரெமிங்டன் 1889 நியூயார்க் மாநிலத்து இலியன் ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. லட்சத்துக்கு மேல் செய்ததால் இன்றும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு அடகுக் கடையில், 450 டாலருக்கு. 12 கேஜ் (குழல் வாயின் அளவு), 30 அங்குலக் குழல், வட்டமான தாழ்ந்த குதிரைகள். சீரியல் எண்ணைப் பார்த்தால் 1890-களின் நடுவில் செய்தது. 1898 வரை செய்தவை ஃபெடரல் சட்டப்படி பழம்பொருள், படிவம் நிரப்பத் தேவையில்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்1பி விசாவில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: சாதாரணத் துப்பாக்கி வாங்குமுன் வேட்டை லைசென்ஸ் விதிவிலக்கை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டு இல்லை.

அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"தாத்தாது மாதிரியே இருக்குடா. லைசென்ஸ்?"

"இதுக்கு வேண்டாம்ப்பா. 1898-க்கு முந்தினது."

"அப்ப எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல கொடுக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"என்ன ஊருடா அது" என்றார்.

வாங்குமுன் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பின்கட்டையைப் பிடித்து உலுக்கினேன். குழல் ஆடவில்லை. குழலைத் தனியே எடுத்து அடியிலுள்ள கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினேன். கோயில் மணி மாதிரி இழுத்துக் கேட்டது. 'தொப்' என்று அடங்கினால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வெளிச்சத்தைப் பார்த்தபடி சுழற்றினேன், வலது குழலில் முனைக்குக் கிட்டே மிளகளவு இரண்டு துருக்குழி. அதைக் காட்டித்தான் 50 டாலர் குறைத்தேன். அதற்கப்புறம் பழைய துப்பாக்கி தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, குழல் சுவரின் கனத்தை அடிமுதல் நுனிவரை அளக்கச் சொன்னேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். கண் பார்த்துச் சொல்லுகிற சமாச்சாரம் அல்ல.

அவர் அளந்ததில்தான் இன்னொன்று தெரிந்தது. தோட்டா போகும் அறை 2⅝ அங்குலம். இன்றைய தோட்டா 2¾. போட்டால் உள்ளே போகும், மூடவும் மூடும். சுட்டால் அதன் மடித்த வாய் முழுசாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதோடு இது கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்துத் துப்பாக்கி. இன்றைய 12 கேஜ் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. அதைத் தாங்கு என்று 130 வருஷக் கிழவனிடம் கேட்பது நியாயமில்லை. ஆகவே 2½ அங்குல, குறைந்த அழுத்தத் தோட்டாதான், 1 அவுன்ஸ் ரவை (சின்னச் சின்னக் குண்டுகள்). சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும். இங்கே பொது நிலம் பலவற்றில் ஈய ரவைக்குத் தடை. எஃகு ரவை இந்த மென்மையான குழலைக் கீறிவிடும். மிச்சம் இருப்பது பிஸ்மத் என்ற உலோக ரவை, விலை ஈயத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். துப்பாக்கி மலிவு, தீனிதான் விலை. யானை வாங்கின கதை.

காட்டில் எப்படி? பூட்டு, அதாவது குதிரையை இயக்கும் பொறி, நன்றாக இருக்கிறது. குதிரைகளைப் பின்னுக்கு இழுத்தால் 'டிக், டிக்' என்று இரண்டு சத்தம், ஒவ்வொன்றும் தனியாகக் காதில் விழும். விட்டதும் அடித்துவிட்டுத் தானே பாதி நிலைக்குத் திரும்பும். இதற்கு முந்தைய காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. நடக்கும்போது குதிரையை இழுத்து வைப்பதில்லை. நாய் நின்று வாலை விறைத்ததும் கட்டைவிரல் போகும். முதல் வாரம் அதற்குள் சேவல் பறந்துவிட்டது. நாலு சேவலை அப்படியே விட்டேன்.

நவம்பரில் ஒரு காலை, மைனஸ் 8 டிகிரி. இழுத்த குதிரையை மெல்ல இறக்கப் போய் கையுறை வழுக்கியது. வலது குழல் தரையைப் பார்த்திருந்ததால் பனியில் ஒரு குழி, அவ்வளவுதான். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. தன் துப்பாக்கியை மடித்துத் திறந்தார், தோட்டா இரண்டையும் எடுத்துப் பையில் போட்டார், அதற்கப்புறம் குதிரைகளை இறக்கிக் காட்டினார். இப்போது என் பழக்கமும் அதே.

குறைகள் இரண்டு. இரண்டு குழலுமே நுனியில் இறுக்கம். கிட்டே எழும்பும் சேவலில் ரவை ஒரு கைப்பிடியாகப் போய் விழும்: பட்டால் கறி தேறாது, இல்லையென்றால் மொத்தமும் காற்றில். 30 கெஜம் போகவிட்டுச் சுடப் பழக வேண்டும். அடுத்தது பின்கட்டை. அந்தக் காலத்து ஆட்கள் தலையை நிமிர்த்திச் சுட்டார்கள் போல, மூன்று அங்குலத்துக்கும் மேல் கீழே சாய்கிறது. நான் கன்னத்தை வைத்தால் குழலின் பின்பக்கம்தான் தெரிகிறது. முதல் மூன்று நாளும் பறவைக்குக் கீழேயே சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பெரியவர் தானே அடைத்த கருமருந்துத் தோட்டா நாலு கொடுத்தார். சத்தம் 'டம்' என்று தள்ளுகிற மாதிரி, தோளில் இடி இல்லை. ஆனால் புகை! முதல் சேவல் விழுந்ததா என்றே தெரியவில்லை, இரண்டாவது எழும்பும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாவதை நாய்தான் கொண்டுவந்து போட்டது. சாயங்காலம் சுடுதண்ணீர் ஊற்றிக் குழல் கழுவினேன், குளியலறை முழுக்க அழுகின முட்டை வாடை. வீட்டில் அன்று பேச்சுவார்த்தை இல்லை.

சீசன் முடிய ஒன்பது சேவல். புதுத் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு வாரத்தில் எடுக்கிற கணக்கு. வாங்கலாமா என்றால், 500 டாலருக்குள், குழல் அளந்து பார்த்து, தோட்டாவுக்குத் தனியாகக் காசு ஒதுக்க முடிந்தால் தாராளமாக வாங்கலாம். முதல் துப்பாக்கியாக வேண்டவே வேண்டாம். என்னுடையது இப்போது மெக்கானிக்கிடம் இருக்கிறது. சூடான எண்ணெய் ஊற்றிப் பின்கட்டையை அரை அங்குலம் நிமிர்த்திப் பார்க்கிறேன் என்றிருக்கிறார், உடைந்தால் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு.