குட்டி வேகனில் எஃகுச் சுருள்: காகிதமா, ஃபாயிலா, ரெசினா, பித்தளையா?

எஃகு ஏற்றிய கூட்ஸ் வேகன் மாடலைப் பார்த்தால், என் கண் முதலில் போவது பெயிண்டுக்கோ துருவுக்கோ இல்லை. வேகன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்குத்தான். விளிம்புவரை தகடும் சுருளும் அடுக்கியிருந்தால், எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் பொம்மைதான். எஃகு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன். 60 டன் தாங்கும் வேகனுக்கு எட்டு கன மீட்டர்கூடத் தேவையில்லை. இடம் தீருவதற்கு ரொம்ப முன்னாலேயே எடை தீர்ந்துவிடும்.

ஸ்லாபை, அதாவது தடித்த எஃகுப் பாளத்தை, எடுத்துக்கொள்வோம். கால் மீட்டர் தடிமன், ஒன்றரை மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் என்றால் ஒரு ஸ்லாபே 29 டன்னைத் தாண்டும். இரண்டு வைத்தால் அந்த வேகன் ஃபுல். என் ஸ்கேலான 1:160 அளவில் இது 1.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிய இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 62 மி.மீ. நீளம். நடுவில் குறுக்கே சின்ன மரக்குச்சிகள். அவ்வளவுதான் வேலை. போட்டியே இல்லாத விஷயம் என்பதால் ஸ்லாபை இதோடு விடுகிறேன்.

சுருளில்தான் தலைவலி. 1.8 மீட்டர் விட்டம், 1.25 மீட்டர் அகலம், நடுத் துளை 610 மி.மீ. உள்ள சுருள் சுமார் 22 டன். மாடலில் அது 11 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமான விட்டம், எட்டு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலம். ஒரு வேகனுக்கு இரண்டு போதும், கொஞ்சம் சின்னது என்றால் மூன்று.

எல்லோரும் முதலில் செய்வது காகிதத்தைச் சுற்றுவதுதான். நானும் செய்தேன். சாதாரணத் தாளின் தடிமன் 0.1 மி.மீ. அதை 160 மடங்கு பெருக்கினால் 16 மி.மீ. தகடு! சுருளாகச் சுற்றி அனுப்பும் தகடு பெரும்பாலும் இதைவிட மெல்லியது. பெயிண்ட் அடித்த பிறகும் கடைக் கவுன்ட்டர் பில் ரோல் மாதிரியே இருந்தது.

சமையலறை அலுமினியம் ஃபாயில் இங்கே ஆச்சரியப்படுத்துகிறது. 16 மைக்ரான் ஃபாயில் என்றால் நிஜத்தில் இரண்டரை மி.மீ. தகடு, ஹாட் ரோல்டு (சூடாக உருட்டிய) சுருளுக்குக் கச்சிதம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுருளுக்கு ஐந்தரை மீட்டர் ஃபாயில் வேண்டும், அதுவும் எட்டு மி.மீ. அகலத்தில் கசங்காமல் வெட்டி. நான் ஒன்று சுற்றினேன். இரண்டாவது சுற்றவில்லை.

ரெசினில் 3டி பிரின்ட் செய்தால் வட்டம் பிசகாது, சுருளைக் கட்டும் பட்டைகள்கூட வந்துவிடும். குறை என்னவென்றால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். நிஜத்தில் ஒரே ரயிலில் வரும் சுருள்கள் விட்டத்திலும் அகலத்திலும் மாறுபடும். மூன்று அளவில் பிரின்ட் செய்து கலந்து வைத்தால் சமாளிக்கலாம். பெரிய குறை எடை. ரெசின் சுருள் ஒரு கிராம்கூடத் தேறாது.

எடைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரயில்ரோடு அசோசியேஷன் பரிந்துரைப்படி, என் ஸ்கேலில் 100 மி.மீ. வேகன் சுமார் 31 கிராம் இருக்க வேண்டும். மூடிய வேகன் என்றால் உள்ளே ஈயத்தை ஒளித்துவிடலாம். திறந்த சுருள் வேகனில் ஒளிக்க இடமே கிடையாது, லோடுதான் எடை. நிஜ எஃகில் அளவு பிசகாமல் செய்தால் அந்தச் சுருள் 5.4 கிராம். பித்தளையில் கிட்டத்தட்ட 5.8.

அப்படியானால் எஃகே போடலாமே என்று எம்4 இரும்பு வாஷர்களைப் பத்து பத்தாக அடுக்கி ஒட்டினேன். 9 மி.மீ. விட்டம், 8 மி.மீ. அகலம், நடுவில் துளை. சின்னச் சுருளுக்கு அளவெடுத்த மாதிரி. தண்டவாளத்துக்கு அடியில் கப்ளரை (வேகன்களை இணைக்கும் கொக்கியை) கழற்றுவதற்கென்று காந்தம் வைத்திருந்ததை மறந்துவிட்டேன். ரயில் அங்கே வந்ததும் ஒவ்வொரு வேகனும் ஒரு வெட்டு வெட்டி நின்று, பின்னால் வருவதை இழுத்து, பாதி ரயில் கழன்றே போனது. அதே வாஷரைப் பித்தளையில் வாங்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. வாஷர்களின் இடைக்கோடு தெரியாமலிருக்க மேலே இரண்டு சுற்று ஃபாயில். என் ஸ்கேலுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எச்ஓ என்ற பெரிய ஸ்கேலுக்குப் போனால் தீர்ப்பு தலைகீழ். 1:87இல் அதே பெரிய சுருள் பித்தளையில் 36 கிராம். மூன்று வைத்தால் நூறைத் தாண்டும். 150 மி.மீ. வேகனுக்குச் சொல்லப்பட்ட மொத்த எடையே 112 கிராம்தான். ஏற்றத்தில் இன்ஜின் திணறும். அங்கே ரெசின்தான் சரி, நுணுக்கமும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், திறந்ததா மூடியதா? கோல்டு ரோல்டு (சூடாக்காமல் உருட்டிய) தகட்டில் ஈரம் பட்டால் உடனே துரு ஏறும் என்பதால், ஐரோப்பாவின் ஷிம்ன்ஸ் போன்ற தார்ப்பாய் மூடி வேகன்களில் போகும். ஹாட் ரோல்டு பெரும்பாலும் திறந்தே போகும். சோம்பலுக்கு மூடிய வேகன் வரப்பிரசாதம்: உள்ளே எதை வைத்தாலும் யாருக்குத் தெரியும்? என் ரயிலில் எட்டு மூடியவை, மூன்று திறந்தவை. உள்ளே இருப்பதைக் காட்டும் ஆசையில் மூடியைப் பாதி திறந்துவைத்து மெயின் லைனில் மட்டும் ஓட்டாதீர்கள். அது ஏற்றி இறக்கும் சைடிங்கில் மட்டுமே காணக்கூடிய காட்சி.

நிறத்தில் பெரும்பாலானோர் சறுக்குவது ஒரே இடத்தில்: சுருள் முழுக்கத் துருப் பழுப்பு. அப்படி இருந்தால் ஸ்கிராப் மாதிரித்தான் தெரியும். புது ஹாட் ரோல்டு சுருள் பளபளப்பில்லாத நீலம் கலந்த கரும்சாம்பல். விளிம்பில் மட்டும் லேசாகத் துருப்பொடி தடவினால் போதும். துரு உண்மையில் இருப்பது வேகனில்தான். சூடு ஆறாமல் ஏற்றிய எஃகு பெயிண்டைப் பொசுக்கியிருக்கும். சுருள் உட்காரும் தொட்டிலின் சரிவு மட்டும் உரசி உரசி மின்னும். அந்த மினுமினுப்புக்குப் பெயிண்ட் வேண்டாம், 6பி பென்சில் முனையை விரலில் தேய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். சுருளை ஒட்டாமல் சும்மா வைத்திருந்தால், காலியாகத் திரும்பும் நடையில் அதுவும் தெரியும்.