போடாக்ஸும் இறங்கிய இமையும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

புருவங்களுக்கு நடுவே விழும் நெடுக்குக் கோடுகளுக்காகச் சில வருடங்களாகவே போடாக்ஸ் ஊசி போட்டு வருகிறேன். பெரும்பாலும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சில நாளில் புருவம் சுளிப்பது குறையும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். அந்த அளவில் இந்த மருந்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு முறை இடது மேல் இமை இறங்கிவிட்டது. அதைப் பற்றித் தேடினால் 'அரிதான பக்கவிளைவு, தானாகச் சரியாகும்' என்ற ஒற்றை வரிதான் கிடைக்கிறது, இல்லாவிட்டால் பயமுறுத்தும் படங்கள். தானாகச் சரியாகும் என்பது உண்மைதான். சரியாகும்வரை அந்தக் கண்ணோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் இங்கே விஷயம்.

ஊசி போட்ட அன்றைக்கு எதுவும் தெரியாது. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போவதை மருந்து தடுப்பதற்கே சில நாள் பிடிக்கும் என்பதால், இமை இறங்குவதும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஏதோ ஒரு நாள்தான் வெளியே தெரியும். எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது இப்படி: வலது கண்ணில் இமை விளிம்புக்கும் கண் பாப்பாவுக்கும் நடுவே கருவிழி நன்றாகத் தெரிகிறது, இடது கண்ணிலோ விளிம்பு பாப்பாவின் மேல் ஓரத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் எல்லோரும் கேட்டது "வலது கண் ஏன் இவ்ளோ பெரிசா இருக்கு?" என்றுதான். இரண்டு மேல் இமைகளுக்கும் மூளை ஒரே அளவு கட்டளையைத்தான் அனுப்பும். தளர்ந்த இமையைத் தூக்க அது கட்டளையைக் கூட்டும்போது நல்ல இமையும் சேர்ந்து மேலே ஏறிவிடுகிறது, முழித்துப் பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது. இறங்கிய இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தபோது வலது கண் கொஞ்ச நேரத்தில் தன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. கண் மருத்துவர்களும் இதே சோதனையைச் செய்து பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, இறங்கியது இமையா, புருவமா என்பது. இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள், ஆனால் காரணமும் வைத்தியமும் வேறு வேறு. நெற்றியில் போட்ட மருந்து புருவத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசையை அதிகமாகத் தளர்த்தினால் புருவம் கீழே வரும். மேல் தோல் மடிந்து இமைமேல் சாய்வதால் கண் கனக்கும். அப்போது புருவத்தை விரலால் பழைய இடத்துக்கு உயர்த்தினால் கண் இயல்பாகத் திறந்துவிடும். புருவம் இருந்த இடத்திலேயே இருக்க, இமை விளிம்பு மட்டும் கீழே வந்திருந்தால் அது இமை இறக்கம். பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும். நான் ஊசி போட்ட இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, பார்க்காமலேயே "வீக்கமா இருக்கும், ஐஸ் வைங்க" என்றார்கள். ஊசி போட்டுச் சில நாள் கழித்து, வலியில்லாமல், ஒரு பக்கம் மட்டும் இமை இறங்குவது வீக்கம் இல்லை. எந்த வகை என்று நேரில் பார்த்துச் சொன்னவர் வேறொரு கண் மருத்துவர்.

மேல் இமையைத் தூக்குவது லெவேட்டர் என்ற தசை. அது கண்குழிக்குள், கண்ணுக்கு மேலே இருக்கிறது. புருவம் சுளிக்கும் தசைக்குப் போட்ட மருந்து கொஞ்சம் கீழே கசிந்து, கண்குழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டிவிட்டால் இந்தத் தசையும் தளர்ந்துவிடும். அதனால்தான் புருவத்தின் வெளிப்பக்க ஊசிகளைப் புருவ எலும்பு விளிம்புக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் மேலே போட வேண்டும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் இந்தக் கோடுகளுக்கு 2002-இல் ஒப்புதல் கிடைப்பதற்கு முன் நடந்த சோதனைகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இமை இறங்கியது. கைதேர்ந்தவர்கள் போட்டாலும் இது முழுக்கப் பூஜ்யம் ஆகாது, ஒவ்வொருவர் முகத்திலும் தசையின் அமைப்பு கொஞ்சம் மாறும்.

இந்த மருந்து முதலில் வந்ததே கண்ணுக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. மாறுகண்ணுக்கும், கண்ணைத் திறக்கவிடாமல் இறுக்கும் இமை இழுப்புக்கும் 1989-இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் வாங்கியது. இன்றைக்கும் கண் மூட முடியாமல் விழி காய்ந்து புண்ணாகிறவர்களுக்கு, லெவேட்டர் தசையிலேயே வேண்டுமென்று இந்த மருந்தைப் போட்டு இமையை இறக்கிவிடுகிறார்கள். நாம் எதை நினைத்து அழுகிறோமோ, அதையே அங்கே சிகிச்சையாகச் செய்கிறார்கள்.

சரி, இறங்கிய இமையைத் தற்காலிகமாகத் தூக்கக் கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு வருவோம். இமையைத் தூக்குவதில் லெவேட்டருக்குத் துணையாக முல்லர் தசை என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. அதை இயக்கும் நரம்பு வேறு வகை, போடாக்ஸ் அதைத் தொடுவதில்லை. அதைத் தூண்டிவிட்டால் இமை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஏறும். அப்ராக்ளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு இதைச் செய்கிறது. அது உண்மையில் கண் அழுத்தத்துக்கான மருந்து, இமைக்குக் கொடுப்பது மருத்துவரின் சொந்தத் தீர்மானத்தில்தான். ஆக்ஸிமெட்டாசோலின் 0.1 சதவீதச் சொட்டு இமை இறக்கத்துக்கென்றே 2020-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. எனக்கு எழுதிக் கொடுத்தது முதல் வகை. போட்டுக் கொஞ்ச நேரத்தில் இமை ஏறியது, சில மணி நேரம் நின்றது, பிறகு மறுபடி இறங்கியது. முழுதாகச் சமமாகவில்லை, ஆனால் எதிரில் இருப்பவர் கவனிக்காத அளவுக்கு வந்துவிட்டது. அதுவே பெரிய நிம்மதி. வாய் கொஞ்சம் உலர்ந்தது. தொடர்ந்து போட்டதில் கண் சிவந்து அரித்தது, அதனால் வெளியே போகும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மனச்சோர்வுக்காக எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் அப்ராக்ளோனிடின் போடக் கூடாது, வேறு மாத்திரைகள் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸிமெட்டாசோலின் மூக்கடைப்பு ஸ்ப்ரேயிலும் இருக்கிறதே என்று அதைக் கண்ணில் விட நினைப்பவர்களுக்கு: வேண்டாம், அது கண்ணுக்காகத் தயாரித்தது இல்லை.

அன்றாடத்தில் எது கஷ்டம் என்றால், மேலே பார்ப்பது. கீழே பார்த்துப் படிக்கும்போது இமை எப்படியும் இறங்கித்தானே இருக்கும், அதனால் புத்தகத்தில் தொல்லையே இல்லை. கணினித் திரையும் உயரமான அலமாரியும்தான் படுத்தின. சாதாரணமாக இமை இறங்கினால் நெற்றித் தசை புருவத்தை உயர்த்தி ஈடுகட்டும். எனக்கு அந்த முறை நெற்றியிலும் மருந்து போட்டிருந்ததால் அந்த வழியும் அடைபட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது மோவாய். தெரியாமலேயே மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் சாயங்காலம் பின்கழுத்து பிடித்துக்கொள்ளும். திரையைத் தாழ்த்தி வைத்ததும் அது பாதிக்கு மேல் குறைந்தது. தடித்த சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று உதவியது, இமை விளிம்பு அதன் நிழலில் மறைந்துவிடும். மாலையில் கண் அசரும்போது இமை இன்னும் கொஞ்சம் இறங்கும், "தூக்கமா?" என்ற கேள்வியும் அப்போதுதான் வரும்.

கைவைத்தியங்களில் மின் பல்துலக்கியின் அதிர்வை இமையில் வைப்பது, வெந்நீர் ஒத்தடம், மசாஜ் எல்லாம் சொன்னார்கள். மருந்து நரம்பு முனைக்குள் போன பிறகு அதை வெளியே எடுக்க வழியில்லை. நரம்பு தன் இணைப்பை மீட்டுக்கொண்டால்தான் தசை எழும், அதற்கு வேண்டியது நாள்தான். முதல் நாட்களில் அந்த இடத்தைத் தேய்ப்பது மருந்தை இன்னும் பரப்பவும் கூடும். இமை விளிம்பருகே இதே போடாக்ஸைத் துளியளவு ஊசியாகப் போட்டு, கண்ணை மூடும் தசையைத் தளர்த்தி இமையை உயர்த்தும் முறை ஒன்றும் உண்டு. எனக்கும் அதைச் சொன்னார்கள். இன்னொரு ஊசி என்றதும் நான் எழுந்துவிட்டேன்.

எல்லா இமை இறக்கத்தையும் போடாக்ஸ் தலையில் கட்டிவிடக் கூடாது. இரண்டிரண்டாகத் தெரிவது, கண் பாப்பாக்கள் இரண்டும் வேறு வேறு அளவில் இருப்பது, திடீரென்று கடும் தலைவலி, விழுங்கவோ பேசவோ மூச்சு விடவோ சிரமம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சொட்டு மருந்தைத் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஊசியின் பலன் தீர்ந்த பிறகும் மாலைதோறும் இமை தளர்ந்தால் மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயா என்று பார்ப்பார்கள். அந்த நோய் இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு இந்த மருந்தின் வேகம் தாறுமாறாகக் கூடும்.

இமை ஏறியது ஒரே நாளில் இல்லை. முதலில் காலை வேளைகள் நன்றாக இருந்தன, பிறகு மதியம் வரை நின்றது. சொட்டு போட மறந்த ஒரு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் தீர்ந்துவிடும், சிலருக்கு ஊசியின் மொத்த வேகமும் அடங்கும்வரை நீளும். புருவ நடுவில் கோடு திரும்பி வருவதற்கு முன்பே எனக்கு இமை சரியாகிவிட்டது. கசிந்தது கொஞ்சம்தான் என்று மருத்துவர் சொன்னார்.

ஊசியை விடவில்லை. ஆனால் ஊசி போடும் கிளினிக்கை மாற்றினேன், நெற்றியையும் விட்டுவிட்டேன், அங்கே கோடு இருந்துவிட்டுப் போகட்டும். போடுவதற்கு முன் எந்த மருந்து, எத்தனை யூனிட், எங்கெங்கே என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொன்றின் யூனிட் ஆகாது: இதே கோடுகளுக்குப் போடாக்ஸில் 20 யூனிட் என்றால், வேறு நிறுவனத்தின் இதே வகை மருந்தான டிஸ்போர்ட்டில் 50. இமை இறங்கினால் நேரில் பார்ப்பீர்களா, சொட்டு மருந்து எழுதித் தருவீர்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அதற்கு "அதெல்லாம் ஆகாதுங்க" என்று சிரிக்கும் இடத்தில் நான் உட்காருவதில்லை.