பழைய காருக்குக் கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா?

என் காருக்கு இப்போது 17 வயது. பெட்ரோல் இன்ஜின், நாலு கியர் ஆட்டோமேட்டிக், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. வாங்கின முதல் மூன்று வருடம் கார் கம்பெனியின் பெயர் போட்ட டப்பாவைத் தவிர வேறு எதையும் அதற்குள் ஊற்ற விட்டதில்லை. இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஸ்டீயரிங் ஆயில், எல்லாமே கம்பெனிதான். இப்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்ற எல்லாமே வெளி பிராண்டு, அதாவது ஆயில் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே கடையில் விற்பது. ஆக, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கார் கம்பெனி எதுவும் எண்ணெய் சுத்திகரிப்பதில்லை, ஆயில் கம்பெனி ஒன்றிடம் சொல்லித் தயாரித்துத் தன் பெயரை ஒட்டிக்கொள்கிறது. கம்பெனி டப்பா விலை கூடுதல். வாரண்டி முடிந்து பல வருடம் ஆன வண்டிக்கு வாரண்டி பயம் கிடையாது. போலி சரக்கு இரண்டு பக்கமும் வரலாம், மூடியும் சீலும் பார்த்து வாங்க வேண்டியது நம் வேலை. சரி, இதெல்லாம் இருக்கட்டும்.

என் முடிவை மாற்றியது வேறொன்று. கம்பெனி டப்பாதான் வேண்டும் என்று அடம்பிடித்த அந்த மூன்று வருடத்தில் நான் எதையுமே நேரத்துக்கு மாற்றவில்லை. விலை ஒரு காரணம். அந்தக் குறிப்பிட்ட டப்பாவுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம். "நல்ல ஆயில்தானே, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது மூன்றாவது, அதுதான் பெரியது. உயர்ந்த சரக்கு ஊற்றியிருக்கிறோம் என்ற தெம்பில் தேதியை மறந்துவிடுகிறோம்.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மூடியை இறுக்கி வைத்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 4 (டாட் எண்கள் பிரேக் ஆயிலின் தரப் பெயர்கள்) என்று போட்ட புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும். டாட் 3-க்கு இந்தக் கணக்கு 205, 140. இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு வருடமாக மாற்றாத, கம்பெனி பெயர் போட்ட டாட் 4 ஒரு பக்கம், போன மாதம் ஊற்றிய பெயர் தெரியாத டாட் 3 இன்னொரு பக்கம். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேறும்போது எது முதலில் ஆவியாகும்? ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. என் வண்டியில் பழைய பிரேக் ஆயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்தபோது அது கறுத்த பழுப்பாக இருந்தது, வண்டியின் பிரேக் ஆயில் தொட்டிக்கு அடியில் சேறு மாதிரி ஒரு படலம். அதுவும் கம்பெனி ஆயில்தான். இப்போது கடையில் கிடைக்கும் டாட் 4 வாங்கி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுகிறேன், பெடல் இறுக்கமாக நிற்கிறது. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று சேரும். டாட் 5 மட்டும் சிலிக்கோன், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று அதைக் கலந்துவிடாதீர்கள்.

இன்ஜின் ஆயிலிலும் இதே கதைதான், அதோடு பழைய வண்டிக்கென்று இன்னொரு பிரச்சினை சேர்கிறது: குடிக்கும். என்னுடையது 5000 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடிக்கிறது. கம்பெனி ஆயில் எனக்குப் பெரிய கேனில்தான் கிடைத்தது, நடுவில் அரை லிட்டர் ஊற்ற வேண்டுமென்றால் முழுக் கேனை உடைக்க வேண்டும். வெளி பிராண்டில் ஒரு லிட்டர் பாட்டில் எங்கேயும் இருக்கும். என் வண்டியின் கையேடு 5டபிள்யூ-30 (இது பிசுக்குத்தன்மை எண்), ஏ.பி.ஐ. எஸ்.எல். (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஒரு தரம்) என்று கேட்கிறது. பிறகு வந்த எஸ்.பி. தரம் அந்தப் பழைய எஸ் வரிசைத் தரங்களுக்கெல்லாம் பதிலாகப் போடக்கூடியது, அதனால் எழுத்து மாறிவிட்டதே என்று பயப்படத் தேவையில்லை. (ரொம்பப் பழைய, தட்டை டாப்பெட் வைத்த இன்ஜின், அதாவது வால்வைத் தள்ளும் கேம் ஒரு தட்டையான பரப்பில் உரசி ஓடும் இன்ஜின் என்றால் கணக்கு வேறு. புதிய ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் குறைவு, அந்த இன்ஜின்களின் கேம் அதைத்தான் நம்பியிருக்கிறது. அவற்றுக்கென்று தனி ஆயில் விற்கிறது, அதுவும் வெளி பிராண்டுதான்.)

லேபிளைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வெளி ஆயில் பக்கம் வந்தால் படிக்காமல் முடியாது. முன்பக்கம் ஓடும் காரும் பந்தயக் கொடியும் படத்துக்குத்தான். பின்பக்கம் திருப்பி, கைபேசி விளக்கைப் போட்டு, பொடி எழுத்தில் இரண்டைத் தேட வேண்டும். ஒன்று ஏ.பி.ஐ.யின் வட்ட முத்திரை: மேல் வளைவில் தரம், நடுவில் பிசுக்குத்தன்மை எண். அது ஏ.பி.ஐ.யிடம் உரிமம் வாங்கிப் போடுவது. ஐரோப்பிய வண்டி என்றால் இரண்டாவது விஷயம்தான் முக்கியம், மெர்சிடிஸ் 229.5, ஃபோக்ஸ்வாகன் 502.00 மாதிரி ஓர் அங்கீகார எண். அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். "அப்ரூவல்" என்று இருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. "மீட்ஸ்" என்றோ "சூட்டபிள் ஃபார்" என்றோ இருந்தால் ஆயில் விற்பவரே தன் சரக்குக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ். இரண்டாவது வகை எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, பல நன்றாகவே இருக்கும், ஆனால் யார் வாக்குறுதியை நம்பி வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வெளி பிராண்டில் ஹை மைலேஜ் என்று ஒரு வகை உண்டு, விறைத்துப் போன ரப்பர் சீலை லேசாக இளக்கிவிடும் சேர்மானம் கலந்தது. என் கார் கம்பெனியின் வரிசையில் இப்படி ஒன்று இல்லை. நான் இரண்டு முறை ஊற்றிவிட்டேன். ஒழுகல் நின்றதா என்றால் நிற்கவில்லை. இரவில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் தெரியும் பொட்டு முன்னைவிடச் சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான். கிழிந்த சீலை எந்த ஆயிலும் தைத்துத் தராது.

கூலன்டில்தான் கம்பெனி பக்கத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வண்டியை வாங்கிய புதிதில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ சிவப்பும் பச்சையும் கலந்து ஊற்றியிருக்கிறார். நிறத்துக்கும் ரசாயனத்துக்கும் உறுதியான சம்பந்தம் எதுவும் கிடையாது, நிறம் வெறும் சாயம். வித்தியாசம் துருப்பிடிக்காமல் காக்கச் சேர்க்கும் ரசாயனத்தில். ஐரோப்பியக் கம்பெனிகள் பொதுவாகப் பாஸ்பேட் வேண்டாம் என்பார்கள், கடின நீரோடு சேர்ந்தால் உப்புப் படியும் என்று. ஜப்பான் கம்பெனிகள் பாஸ்பேட் வேண்டும், சிலிக்கேட் வேண்டாம் என்பார்கள், சிலிக்கேட்டால் வாட்டர் பம்ப் சீல் தேயும் என்று. இரண்டு கட்சியும் ஒரே சிவப்பில் வரலாம். ஃபோக்ஸ்வாகனே தன் நீலப்பச்சை ஜி11-ஐயும் அடுத்து வந்த சிவப்பு ஜி12-ஐயும் கலக்காதே என்றது, கலந்தால் பழுப்புச் சேறு. பிறகு வந்த ஜி12 பிளஸ்தான் பழையதோடு சேரும்படி செய்யப்பட்டது.

ஆக, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே கொஞ்சம் ஊற்றுவதாக இருந்தால் கம்பெனி டப்பா பாதுகாப்பு என்பது பாதி உண்மைதான். உள்ளே இருப்பது ஏற்கெனவே கலப்படம் என்றால் அதில் எதை ஊற்றி என்ன பயன்? நான் முழுதாகக் கழுவிவிட்டேன். ஹீட்டரைத் திறந்து வைத்து, வாலை வடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றி, சூடேறும் வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு வடித்து, மறுபடி அதையே செய்து, நாலாவது தடவையில்தான் தண்ணீர் தெளிந்து வந்தது. இங்கே கம்பெனி டப்பா எனக்கு உதவவில்லை. அது பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வருகிறது. கழுவின இன்ஜினுக்குள் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வடியாமல் தங்கியிருக்கும், அதன் மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்ததை ஊற்றினால் நீர்த்துப் போகும். வெளி பிராண்டில் கலக்காத சரக்கு கிடைக்கிறது. மொத்தக் கொள்ளளவில் பாதியை அதிலேயே முதலில் ஊற்றிவிட்டு, மீதியை வாலை வடிநீரால் நிரப்பினால் கணக்கு சரியாக வரும். என் வண்டி கேட்கும் வகை, அதாவது சிலிக்கேட் இல்லாத பாஸ்பேட் வகை, லேபிளில் அப்படியே எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். "எல்லா நிறத்துடனும் சேரும்" என்று சொன்னதை வாங்கவில்லை. வடித்ததை வாளியில் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும்.

இனி, நான் கம்பெனிக்கே திரும்பிப் போன இடம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், ஏ.டி.எஃப். மற்ற ஆயில்கள் வழுக்கினால் போதும், இது சரியான அளவுக்கு வழுக்கி, சரியான நேரத்தில் பிடிக்கவும் வேண்டும். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் அதில் ஊறிக்கொண்டேதான் ஒன்றையொன்று பற்றுகின்றன. இந்தப் பிடிமானக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதற்கு மேல், எல்லோருக்கும் பொதுவான தரம் என்று நம்பிக்கொண்டிருந்த டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை அதை வகுத்த ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. அதனால் இன்று ஒரு டப்பாவில் டெக்ஸ்ரான் 3 என்று போட்டிருந்தால் அதைச் சோதித்து முத்திரை குத்துபவர் யாரும் இல்லை, விற்பவர் சொல்தான்.

முதலில் இதிலும் வெளி பிராண்டுதான் போட்டேன். பின்பக்கம் முப்பது கார்களின் ஆயில் பெயர்களை வரிசையாகப் போட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லும் வகை. சில மாதத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், கால் லேசாக ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போது, வரிவரியாகத் தடை போட்ட ரோட்டில் போவது போல ஒரு நடுக்கம். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் பிடிக்கும் நேரம் அது. கம்பெனி ஆயிலுக்கு மாறினேன். ஒரே தடவையில் மாறாது என்பது இதில் தொல்லை. கியர்பாக்ஸின் முழுக் கொள்ளளவு ஏழரை லிட்டர் என்றால் வடிகால் போல்ட்டைக் கழற்றினால் மூன்றுதான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் இருக்கும். முதல் தடவைக்குப் பிறகு பழையது 60 சதவீதம், இரண்டாவதில் 36, மூன்றாவதில் கிட்டத்தட்ட 22. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய் நின்றேன். மூன்றாவது தடவை மெக்கானிக், "என்ன சார், ஆயில் மாத்துறதையே வேலையா வச்சிருக்கீங்களா?" என்றார். அதற்குள் நடுக்கம் போய்விட்டிருந்தது.

இதை வெளி ஆயிலுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று தடவை எந்தப் புது ஆயிலை ஊற்றியிருந்தாலும் சரியாகியிருக்கலாம், ஒரே ஒரு வண்டியில் பார்த்தது இது. ஆனால் இன்ஜின் ஆயிலில் தப்பு செய்தால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம், கியர்பாக்ஸில் தப்பு நீண்டால் கியர்பாக்ஸே போகும். அந்த ஒரு இடத்தில் விலையைப் பார்க்கவில்லை. கம்பெனி டப்பா என்றாலும் பெயரை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். டொயோட்டாவின் டைப் டி-4 கேட்கும் கியர்பாக்ஸுக்கு அதே டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். போடக் கூடாது. ஹோண்டாவோ இசட்-1-ஐ நிறுத்திவிட்டு டி.டபிள்யூ-1-ஐ அதே இடத்தில் போடச் சொல்லிவிட்டது.

ஸ்டீயரிங் ஆயில் சின்ன விஷயம். கையேட்டில் ஏ.டி.எஃப். என்று இருந்தால் ஏதாவது நல்ல ஏ.டி.எஃப். போதும். ஹோண்டா மாதிரித் தனி ஆயில் கேட்டால் அதையே போடுங்கள், அளவும் குறைவுதான். சி.வி.டி. வண்டியை (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் ஆட்டோமேட்டிக்) நான் பராமரித்ததில்லை, ஓட்டியதோடு சரி. பெல்ட்டும் கப்பியும் உராய்வை நம்பியே இருப்பதால் அப்படி ஒன்று என்னிடம் வந்தால் யோசிக்காமல் கம்பெனி டப்பாதான் வாங்குவேன். மேனுவல் கியர்பாக்ஸுக்கு கம்பெனியா வெளியா என்பதைவிட ஜி.எல்-4 கேட்கிறதா ஜி.எல்-5 கேட்கிறதா (இரண்டும் கியர் ஆயில் தரங்கள்) என்பதைப் பாருங்கள், ஜி.எல்-5-இன் கந்தகச் சேர்மானம் கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் சில பழைய பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்.

அந்த மூன்று தடவையில் மிஞ்சிய ஏ.டி.எஃப். அரை லிட்டர் டிக்கியில் இருக்கிறது, மூடி மேல் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதி. வேறு எந்த டப்பாவையும் கூடவே தூக்கிக்கொண்டு திரிவதில்லை, மற்றதெல்லாம் போகிற வழியில் கிடைக்கும்.