இரும்புச்சத்தின் கையிருப்பு தீரும்போது: கீரையா, மாத்திரையா, டிரிப்ஸா?

என் தங்கை அடுக்களையில் நிற்கும்போதெல்லாம் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். சிறுவயதுப் பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை வாரினால் கொத்தாக முடி வருகிறது என்று அவள் சொன்னபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 12.1 இருந்ததால் ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவர் ஃபெரிட்டின் பரிசோதனை எழுதிக் கொடுத்தபோது அதன் அளவு 7 என்று வந்தது. அரிசியும் ஐஸ் கட்டியும் மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பதை நாங்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

உடலில் இரும்பு குறையும்போது முதலில் தீர்வது கையிருப்புதான். அது காலியான பிறகே ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும். அந்தக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். வயதுவந்த பெண்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை என்றாலும், 30க்குக் கீழே இருந்தாலே கவனிக்கத் தொடங்கும் மருத்துவர்கள் பலர். காய்ச்சலோ உடலில் அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்து நிற்கும் என்பதால், அந்த நேரத்து அளவை வைத்து நிம்மதி அடைய முடியாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. அந்தக் கணக்கு ஹீமோகுளோபினை மட்டுமே பார்க்கிறது; என் தங்கையைப் போல ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டி நிற்க, கையிருப்பு மட்டும் காலியான பெண்கள் அதில் வரவே மாட்டார்கள்.

குறைவு தெரிந்ததும் வீட்டில் முதலில் வரும் யோசனை உணவு. முருங்கைக்கீரையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஃபெரிட்டின் ஓர் அலகு உயர ஏறக்குறைய 8 மில்லிகிராம் இரும்பு சேமிப்பில் சேர வேண்டும். அப்படியானால் 10இலிருந்து 50க்குக் கொண்டுவர 320 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்பு 4 முதல் 5 மில்லிகிராம்; அதில் தாராளமாகப் பத்து சதவீதம் உடலில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தினமும் நூறு கிராம் கீரையைக் கூடுதலாகச் சாப்பிட்டு அந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டு ஆண்டுகள் ஆகும். இதற்கிடையில் ஒவ்வொரு மாதவிடாயிலும் போகும் ரத்தத்தின் ஒவ்வொரு மில்லியோடும் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். நிறத்தைப் பார்த்துப் பீட்ரூட்டையும் மாதுளையையும் நம்புகிறவர்கள் இன்னும் ஏமாந்துபோகிறார்கள்; அந்தச் சிவப்புக்கும் இரும்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அசைவம் சாப்பிடுபவர்களின் நிலை சற்று மேல். ஆட்டு ஈரலிலும், அதைவிடச் சுவரொட்டி எனப்படும் மண்ணீரலிலும் இரும்பு மிகுதி, அது உடலில் எளிதாகவும் சேரும். ஆனாலும் வைட்டமின் ஏ மிகுந்த ஈரலைக் கர்ப்பிணிகள் அடிக்கடி சாப்பிடுவது நல்லதல்ல.

ஆகவே உணவு கையிருப்பைக் காக்கும், காலியானதை நிரப்பாது. காப்பதற்கு நம் வீடுகளில் செய்யக்கூடிய பெரிய மாற்றம், சாப்பிட்ட கையோடு காபியும் டீயும் குடிக்கும் வழக்கத்தை விடுவதுதான். 1983இல் வெளியான ஓர் ஆய்வில் உணவோடு குடித்த காபி இரும்பு சேர்வதை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எதையும் கெடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ உணவோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டோடு நெல்லிக்காய் ஒன்று சேர்த்துக்கொள்வதும் உண்மையிலேயே பலன் தருபவை.

நிரப்புவதற்கு மாத்திரையே முதல் வழி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. விலை உயர்ந்த வகைகள் இதைவிட அதிக இரும்பைத் தரும் என்ற நம்பிக்கை தவறானது. பாலிமால்டோஸ் வகை வயிற்றைக் குறைவாகத் தொந்தரவு செய்யும், ஆனால் குறைவாகவே உடலில் சேரும். மெதுவாகக் கரையும்படி உறையிட்டவை, இரும்பு நன்கு உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைத் தாண்டிய பிறகே கரைவதால் பெரும்பகுதி வீணாகின்றன. வாங்க முடிந்தவர்கள் ஃபெரஸ் அஸ்கார்பேட் எடுத்துக்கொள்ளலாம். பழைய ஃபெரஸ் சல்பேட்டும் தன் வேலையைச் செய்யும்.

தினமும் எடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதுதான் இன்றைய உண்மையான போட்டி. ஒரு மாத்திரை விழுங்கியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாளைக்குச் சாத்திவைக்கிறது. மறுநாள் மாத்திரை அந்தச் சாத்திய கதவில்தான் போய் முட்டுகிறது. இரும்புக் கையிருப்பு குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 60 மில்லிகிராமைத் தொடர்ந்து 14 நாள் எடுத்தவர்கள் 131 மில்லிகிராம் இரும்பைப் பெற்றார்கள். அதே 14 வேளையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் 175 மில்லிகிராம் பெற்றார்கள். மலச்சிக்கலும் குமட்டலும் தாங்காமல் பாதியில் நிறுத்திவிடும் பெண்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்பேன். கர்ப்பிணிகள் மட்டும் தாமாக இதற்கு மாறக்கூடாது. அவர்களுக்கு நம் நாட்டுத் திட்டம் 180 நாள் தினசரி மாத்திரையைப் பரிந்துரைக்கிறது. எப்படி எடுத்தாலும் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்; தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், கையிருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

டிரிப்ஸ் வழியாக இரும்பு ஏற்றுவது, மாத்திரை வேலை செய்யாதபோதும் காத்திருக்க நேரம் இல்லாதபோதும் மட்டுமே சரியான தேர்வு. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், பிரசவம் நெருங்கியும் ஹீமோகுளோபின் மிகக் குறைந்து நிற்பவர்கள், மாத்திரையின் வேகத்தை மீறி ரத்தம் இழப்பவர்கள் இதற்கு உரியவர்கள். 50 கிலோ எடையும் 8 ஹீமோகுளோபினும் உள்ள பெண்ணுக்கு வழக்கமான சூத்திரப்படி சுமார் 1,340 மில்லிகிராம் தேவை. அயர்ன் சுக்ரோஸ் என்றால் தடவைக்கு 200 வீதம் ஏழு முறை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் இரண்டு முறை போதும், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஐந்து நாள் வித்தியாசம் ஐந்து நாள் சம்பளம். மறுபக்கம், இரண்டாவது வகை சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைத்துவிடும். அரிதாக ஒவ்வாமையும் வரலாம் என்பதால் எந்த வகையையும் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே ஏற்ற வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இதைத் தவிர்ப்பார்கள்.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் ரத்தம் போகும் ஓட்டை அடைபடாவிட்டால் சில மாதங்களில் ஃபெரிட்டின் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மற்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: நாப்கினை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? என் தங்கையிடம் இரண்டாவது மருத்துவர் இதைக் கேட்டபோது, எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தானே என்று அவள் பதில் சொன்னாள். அதன் பிறகு எடுத்த ஸ்கேனில்தான் கர்ப்பப்பையில் இருந்த நார்க்கட்டி தெரிந்தது.